புதுப்பிப்பு: அப்பாவோட பட்டாளத்து ஸ்வெட்டர் இப்போ பேத்தி கோட்டு

போன மாசம் கேட்டிருந்தேனே, அப்பா மிலிட்டரியில போட்ட கம்பளி ஸ்வெட்டரையும் அம்மாவோட அக்ரிலிக் ஸ்வெட்டரையும் வெட்டித் தைச்சா பின்னல் பிரிஞ்சிடுமான்னு? தைச்சு முடிச்சாச்சு. ஒண்ணு அருமை, இன்னொண்ணு சுமார்.

கம்பளியை வெந்நீர்ல சோப்பு போட்டு கசக்கு கசக்குன்னு கசக்கினேன். சுருங்கித் தடிச்சு, பின்னல் கண்ணே தெரியல. கத்தரி வச்சா ஒரு நூல்கூட பிரியல! பொண்ணுக்குக் கையில்லாத கோட்டு. முழங்கையில தைச்சிருந்த துணி ஒட்டைப் பிரிச்சு பாக்கெட் வச்சேன்.

அக்ரிலிக் வெந்நீருக்கு மசியாது, பிளாஸ்டிக் இழைதானே. வெட்டப் போற இடத்துக்கு ரெண்டு பக்கமும் தையல் ஓட்டிட்டு நடுவுல வெட்டுங்கன்னு இங்க ஒருத்தர் சொன்னதுதான் காப்பாத்துச்சு. ஆனா என் கால் மிஷின்ல ஜிக்ஜாக் கிடையாது, நேர்த்தையல்தான். துணியை இழுத்துப் பிடிச்சதுல ஓரமெல்லாம் அலை அலையா நெளிஞ்சிடுச்சு. பிரிச்சு, அடியில மெல்லிசுத் தாள் வச்சு, இழுக்காம ஓட்டினதும் படிஞ்சுது. தாளை அப்புறம் கிழிச்சுக்கலாம். பின்னல் இழையைக் குத்தி அறுக்காத மழுங்கின முனை பால்பாயிண்ட் ஊசிக்கு வேலூர் லாங்கு பஜார்ல மூணு கடை ஏறி இறங்கினேன்.

"வேலூர் வெயிலுக்கு ஸ்வெட்டரா?"ன்னு சிரிச்சவங்க மார்கழி விடியக்காலைல ஸ்கூட்டர்ல வந்து பாருங்க. ஏலகிரி வேற 1,000 மீட்டருக்கு மேல, அங்க போட்டுக்கத்தான் இது.

அப்பா ஒண்ணும் சொல்லல. அந்த பாக்கெட்டை மட்டும் ரெண்டு தடவை தடவிப் பார்த்தார்.