ஆளி விதை போட்டேன், இலையில காரமே இல்ல, உதவி பண்ணுங்க

மதுரை_மாடி: வணக்கம். காரமா இருக்கும், சாலட்ல பச்சையாவே போடலாம்னு சொன்னாங்கன்னு ஆளி விதை வாங்கி மாடில தொட்டியில தூவுனேன், நல்லா முளைச்சுருச்சு ஆனா இலைய கிள்ளி வாயில போட்டா துளி காரம் இல்ல, புல்லு மாதிரி இருக்கு. என்ன உரம் போட்டா காரம் ஏறும்? ஞாயித்துக்கிழமை விருந்தாளுங்க வர்றாங்க, சீக்கிரம் சொல்லுங்க.

கீரைக்காரி: எத்தனை நாள் ஆச்சு? வெயில் எவ்ளோ நேரம் படுது? போட்டோ இருக்கா?

மண்புழு: உரம் இல்ல, தண்ணி ஜாஸ்தி. தண்ணிய குறைச்சா காரம் ஏறும், எங்க வீட்டு முள்ளங்கியில நானே பாத்தது.

தொட்டித்தோட்டம்: கந்தகம் பத்தலன்னு நினைக்கிறேன். கடுகு குடும்பத்துல காரமே கந்தகத்துல இருந்துதான் வருது, ஜிப்சம் கொஞ்சம் போட்டு பாருங்க.

பழைய_விவசாயி: விதை எப்படி இருந்துச்சுன்னே சொல்லாம உரம் கேக்குறாங்க, நீங்களும் சொல்றீங்க. இத நான் இங்க எத்தனையோ தடவ எழுதிட்டேன், கொஞ்சம் படிச்சுட்டு தொட்டியில கை வைங்க தம்பி.

மதுரை_மாடி: 20 நாள் ஆச்சு. விதை பிரவுன். போட்டோ ஏற மாட்டேங்குது.

கீரைக்காரி: ரெண்டுமே பிரவுன்தாங்க! ஆளின்னு ரெண்டு விதைய விக்கிறாங்க. ஒண்ணு ஃப்ளாக்ஸ், தட்டையா பளபளன்னு எள்ள விட பெருசா இருக்கும். இன்னொண்ணு ஹலீம், பொடியா செவப்பா இருக்கும், காரம் இதுலதான். முளைச்சப்ப மொத இலை மூணா பிரிஞ்சு இருந்துச்சா?

எள்ளுருண்டை: ஆளின்னா ஃப்ளாக்ஸ் மட்டும்தான். ஹலீம ஆளின்னு சொல்றது தப்பு.

மண்புழு: எங்க ஊரு நாட்டு மருந்துக்கடையில ஆளின்னு கேட்டா ஹலீம்தான் தருவாங்க, பிள்ளை பெத்தவங்களுக்கு பால்ல காய்ச்சி குடுப்போம். ஊறவெச்சா வழவழன்னு வரும், அதுதான் ஆளி.

எள்ளுருண்டை: ஃப்ளாக்ஸும்தான் வழவழன்னு வரும். அத வெச்சு எப்படி சொல்வீங்க?

பழைய_விவசாயி: பேரு சண்டைய தனியா வெச்சுக்கங்க.

மதுரை_மாடி: விதை தட்டைதான். மொத இலை ரெண்டுதான், இப்ப ஊசி ஊசியா வருது.

கீரைக்காரி: அப்ப அது ஃப்ளாக்ஸ், எந்த உரம் போட்டாலும் காரம் வராது. அந்த இலைய பச்சையா சாப்பிடாதீங்க, சயனைடு விடுற சத்து இருக்கு, கிள்ளி ருசி பாத்ததோட நிறுத்திக்கங்க. ஹலீம் வாங்கி தேங்காய் நார்த்தூள்ல நெருக்கமா தூவுங்க, பாதி நிழல்ல வைங்க, மூணு நாள்ல முளைக்கும், 10-12 நாள்ல ரெண்டு இஞ்சு வந்ததும் கத்தரிச்சுக்கலாம். ஞாயித்துக்கிழமைக்கு ஆகாது, அன்னைக்கு முள்ளங்கிய துருவி போட்டுருங்க. இன்னொண்ணு, இலை நசுங்குனாத்தான் காரம் கிளம்பும், வதக்குனா போயிரும், அதனால பரிமாறும்போது நறுக்குங்க.

மதுரை_மாடி: ஹலீம் போட்டு இன்னிக்கு 11ஆம் நாள். தயிர் சாதத்துக்கு மேல தூவி சாப்பிட்டேன், மூக்கு வரைக்கும் ஏறுது. நன்றிக்கா.

கீரைக்காரி: சந்தோசம்ப்பா. அந்த ஃப்ளாக்ஸ பிடுங்கிட்டீங்களா? பிடுங்கலன்னா விட்டுருங்க, நீலமா பூக்கும், காலைல விரிஞ்சு மத்தியானத்துக்குள்ள இதழ் கொட்டிரும்.