ஷூவின் சோலும் முக்கோணங்களும்

குழு: பாலாற்றங்கரைச் சொந்தங்கள்

ஆம்பூர் மாமா, காலை 7:12
பாப்பா, ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டாய் என்று அக்கா சொன்னாள். ஆறு வருஷ உழைப்பு, ரொம்ப சந்தோஷம்மா. கணக்கில் எதைப் பற்றி என்று வேலை செய்யும் இடத்தில் கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

குடியாத்தம் அத்தை, 7:15
எனக்கும் தெரியாது. பாட்டி பக்கத்தில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுது.

பாப்பா, 7:31
மாமா, உங்கள் கம்பெனியில் ஷூவுக்கு ஒட்டுகிற ரப்பர் சோல் ஒன்றைக் கையில் எடுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் அந்த இடம் குழியும், சுற்றிலும் மேடு எழும்பும். ரப்பர் சுருங்குவதில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவுதான். இதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட, சோலைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரிப்போம். ஒவ்வொரு மூலையும் எவ்வளவு நகர்ந்தது என்று ஆயிரக்கணக்கான சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்ப்போம். ஃபைனைட் எலிமென்ட் முறை என்பது இதுதான். 1943-ல் கூரான்ட் என்ற கணித அறிஞர் முறுக்குக் கணக்கு ஒன்றுக்கு இப்படி முக்கோணம் போட்டார். 1956-ல் விமான இறக்கைக்காக எஞ்சினியர்கள் தங்கள் வழியில் அதே இடத்துக்கு வந்தார்கள்.

ராணிப்பேட்டை பெரியப்பா, 7:40
எங்கள் ஆலையில் டிசைன் பிரிவுச் சுவரில் அந்த முக்கோண வலைப் படங்கள் தொங்கும். சிவப்பாக இருந்தால் அங்கே தகைவு, அதாவது பொருளுக்கு உள்ளே ஏறும் விசை, அதிகம் என்பார்கள். ஆனால் அதற்குச் சாஃப்ட்வேர் இருக்கிறதே, கணக்குப் படித்தவளுக்கு இதில் என்ன வேலை?

பாப்பா, 7:58
அந்தச் சிவப்பை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வதுதான் பெரியப்பா என் வேலை.

மாமாவின் சோலையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு முக்கோணத்தையும் 'உன் பரப்பு மாறக் கூடாது' என்று கட்டிப்போட்டால், மூலைகளுக்கு அசைய வழியே இருக்காது. கம்ப்யூட்டர் ரப்பரைக் கருங்கல்லாகக் காட்டும். லாக்கிங் என்பார்கள். புரோகிராமில் பிழை இல்லை, சமன்பாடும் சரி, விடை மட்டும் தப்பு.

அழுத்தத்தைத் தனி மாறியாக வைத்தால் இது தீரும். ஆனால் நகர்வுக்கும் அழுத்தத்துக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் அழுத்தம் சதுரங்கப் பலகை மாதிரி கட்டத்துக்குக் கட்டம் ஏறி இறங்கும். பொருத்தம் பார்க்கும் நிபந்தனைக்கு லேடிஷென்ஸ்கயா, பபுஷ்கா, பிரெஸ்ஸி என்று மூவர் பெயர். முக்கோணங்கள் ஊசியாக நீண்டாலும் நகர்வு, அழுத்தம் என்ற அப்படியொரு ஜோடிக்கு அந்த நிபந்தனை நிற்கும் என்ற நிரூபணம்தான் என் ஆய்வேட்டின் நடு அத்தியாயம். அது ஒன்றுக்கே இரண்டு வருஷம் ஆனது.

குடியாத்தம் அத்தை, 8:05
விடை தப்பினால் என்ன ஆகிவிடும் என்று பாட்டி கேட்கிறார்கள்.

பாப்பா, 8:17
1991 ஆகஸ்ட் 23, நார்வே. ஸ்லைப்னர் என்ற கடல் எண்ணெய் மேடைக்குக் கட்டிய கான்கிரீட் அடித்தளம். அறைகள் சேரும் மூலையில் கணக்குக்குப் போட்ட வலையின் கட்டங்கள் பெரிதாக இருந்ததால், வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைத்துக் கணக்கிடப்பட்டது. சுவர்க் கனமும் கம்பியும் போதவில்லை. தண்ணீரில் இறக்கிச் சோதித்தபோது சுவர் விரிசல் விட்டு, மொத்தமும் மூழ்கிப் போனது. உயிர்ச்சேதம் இல்லை பாட்டி.

ராணிப்பேட்டை பெரியப்பா, 8:26
47 சதவீதமா! நாங்கள் அரை மில்லிமீட்டருக்கே ராத்திரி உட்கார்ந்து திருத்தி வரைவோம். சரி, இந்தத் துறையில் நீ யாரை முன்னே வைத்துப் படித்தாய்?

பாப்பா, 8:44
பபுஷ்காதான் பெரியப்பா. 1926-ல் பிராக் நகரில் பிறந்தவர். முதலில் சிவில் எஞ்சினியரிங், அப்புறம்தான் கணிதம். 1950களில் வல்தாவா ஆற்றில் ஓர்லிக் அணை கட்டியபோது, அதற்கான கணக்கு வேலையை ஒரு குழுவோடு நடத்தினார். கான்கிரீட் இறுகும்போது உள்ளே சூடு ஏறும் இல்லையா, அந்தக் கணக்கு. 1968-ல் அமெரிக்கா போய் மேரிலாந்தில் இருந்தார், பிறகு ஆஸ்டினில். 1978-ல் ரைன்போல்ட் என்ற கணித அறிஞரோடு சேர்ந்து, வந்த விடையை வைத்தே அதில் எவ்வளவு பிழை என்று மதிப்பிடும் வழியைக் கொடுத்தார். சரியான விடை யாருக்கும் தெரியாது, ஆனாலும் பிழையை அளக்கலாம்! அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. 2023-ல் காலமானார்.

ஆம்பூர் மாமா, 9:02
ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மூன்று கனத்தில் சோல் எடுத்து வரட்டுமா?

பாப்பா, 9:04
கண்டிப்பாக மாமா! பெரியப்பா, உங்கள் வைஸும் வெர்னியரும் வேண்டும். 2 மில்லிமீட்டர் அழுத்தினால் பக்கத்தில் எவ்வளவு பிதுங்குகிறது என்று அளப்போம். என் கணக்கு என்ன சொல்கிறது என்பதைச் சனிக்கிழமையே இங்கே போட்டுவிடுகிறேன்.

குடியாத்தம் அத்தை, 9:06
மதியச் சாப்பாடு எல்லாருக்கும் இங்கேதான், பாட்டி சொல்லியாச்சு.

ராணிப்பேட்டை பெரியப்பா, 9:20
வெர்னியரைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்துவிட்டேன்.