கையெழுத்து போடும் இடத்தைக் காட்டியவள் நான்

வாடகைத்தாய்மார் தங்கும் விடுதி ஒன்றில் நான்கு வருடம் நர்ஸாக இருந்தேன். இந்தப் பேச்சு எடுத்தாலே "வயித்த விக்கிறாளுங்க" என்பார்கள், இல்லையென்றால் "எவ்வளவு பெரிய தியாகம்" என்பார்கள். நான் பார்த்த பெண்களுக்கு இரண்டுமே பொருந்தாது.

வந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்கள். அதுதான் முதல் தகுதி. புருஷன் வாங்கிய கடன், பிள்ளைகளின் படிப்பு, தலைக்கு மேல் சொந்தமாக ஒரு கூரை, இதில் ஏதோ ஒன்று அவர்களை அங்கே கொண்டுவந்திருக்கும். ஊரில் "வெளியூர்ல வேலை" என்று சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். மகள் வீடியோ காலில் வந்தால் முகம் மட்டும் தெரிகிற மாதிரி போனைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஒருத்திக்கு எட்டாம் மாதம் கை வீங்கிவிட்டது. போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து, அதன் முன்னால் முகத்தை நீட்டிக்கொண்டு குனிந்தபடியே பேசுவாள்.

பணம் மொத்தமாக வராது. கரு தங்கியதும் கொஞ்சம், மாதாமாதம் கொஞ்சம், பெரிய தொகை குழந்தையை ஒப்படைத்த பிறகுதான். நடுவில் கலைந்தால் அதுவரை வந்ததோடு சரி. அழைத்துவந்த ஏஜென்ட்டுக்கு அதிலேயே கமிஷன். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கும். எங்கே கையெழுத்து போட வேண்டும் என்று பல பேருக்கு நான்தான் விரல் வைத்துக் காட்டினேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவருக்கும் படித்துச் சொல்லவில்லை. இன்றைக்கும் உறுத்துகிறது.

பெரும்பாலும் சிசேரியன்தான். குழந்தையை உடனே எடுத்துப் போய்விடுவார்கள். மூன்றாம் நாள் பால் கட்டும். ஒரு ராத்திரி ஒருத்தி நைட்டியெல்லாம் நனைந்து, பாத்ரூமில் நின்று பாலைப் பீய்ச்சி விட்டுக்கொண்டிருந்தாள். "குழந்தை ஞாபகமெல்லாம் இல்ல சிஸ்டர், வலிதான் தாங்கல" என்றாள். நம்பினேன். எல்லோரும் அழுதுகொண்டுதான் கொடுத்தார்கள் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2015இல் இந்தியா வெளிநாட்டவருக்கு வாடகைத்தாய் முறையை நிறுத்தியது. தாய்லாந்திலும் அதே ஆண்டு தடை வந்தது, 2016இல் கம்போடியா. ஓரிடத்தில் கதவை மூடினால் ஏஜென்ட்டுகள் அடுத்த நாட்டில் கடை விரித்தார்கள். பிறகு இங்கே 2021 சட்டம். சுமப்பவருக்குக் கூலி கூடாது, மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் உண்டு. காப்பீடு ரொம்ப அவசியம். என் காலத்தில் தையலில் சீழ் வைத்துத் திரும்பி வந்தவளிடமே பில்லை நீட்டினார்கள். ஆனால் டாக்டருக்கு ஃபீஸ், லேபுக்கு ஃபீஸ், வக்கீலுக்கு ஃபீஸ், பத்து மாதம் சுமந்தவள் மட்டும் சும்மா செய்ய வேண்டும் என்பதை என் மனசு ஏற்கவே இல்லை.

* * *

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் அந்தப் பக்கம், வாடகைத்தாய் மூலம் குழந்தை பெற்றுக்கொண்ட பக்கம் நின்றவள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டதால் எங்களுக்கு வேறு வழியில்லை. எங்கள் மகள் பிறந்தது அப்படித்தான். நாங்கள் கட்டிய பணத்தில் அவளைச் சுமந்தவருக்கு எவ்வளவு போகிறது என்று ஒருமுறை கேட்டேன். "அது நாங்க பாத்துக்கிறோம் மேடம்" என்றார்கள். மறுபடி கேட்கவில்லை, கேட்டால் எங்கே காரியம் கெட்டுவிடுமோ என்ற பயம்.

அவரை ஒரே ஒரு தடவை, ஸ்கேன் அறை வாசலில் பார்த்தேன். அவராகவே என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தார். உள்ளே உதைத்தாள். இரண்டு பேருமே ஒன்றும் பேசவில்லை. பெயரையாவது கேட்டிருக்கலாம்.