அண்ணனுக்கு டிபி. நோயே இல்லாத நாங்களும் மாத்திரை சாப்பிடணுமா?

கரிசல்காடு:
அண்ணனுக்குச் சளியில் டிபி கிருமி இருப்பது போன மாதம்தான் தெரிந்தது. அதற்கு முன்பே இரண்டு மாதமாக இருமிக்கொண்டிருந்தான். பனிக்காலம், சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம். வீட்டில் இரண்டே அறை. அண்ணி, அவங்க நாலு வயசு மகள், சர்க்கரை உள்ள அம்மா, நான். எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது, யாருக்கும் நோய் இல்லை. ஆனாலும் பெரியவர்களுக்குக் கையில் ஊசி போட்டுப் பார்த்து, உள்ளே கிருமி இருந்தால் வாரம் ஒருமுறையாக 12 வாரம் மாத்திரை என்கிறார்கள். பாப்பாவுக்கு அந்தச் சோதனைகூட வேண்டாம், மாத்திரையை இப்போதே ஆரம்பிக்கணுமாம். "ஓடியாடுற புள்ளைக்கு எதுக்கு மருந்து?" என்று அண்ணி ஒரே பிடியாக இருக்கிறார். என்ன சொல்ல?

ஓடைக்கரை:
அண்ணி கேட்பது நியாயம். கிருமி உடம்பில் தூங்குவது (அதுதான் தொற்று) வேறு, நோய் வேறு. 2019-21 தேசிய டிபி கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 31 பேருக்குத் தொற்று இருந்தது. தொற்று உள்ளவர்களில் ஆயுசுக்கும் சேர்த்து நோயாவது 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான். மீதி 90 பேர் எதற்காக ஈரலைப் பணயம் வைக்க வேண்டும்? எங்கள் சித்தப்பா டிபி மருந்து ஆரம்பித்த மூன்றாவது வாரம் கண் மஞ்சளாகிப் படுத்தார். அவருக்கு நோய் இருந்தது, வேறு வழியில்லை. இவர்களுக்கு என்ன கட்டாயம்?

தென்பெண்ணை:
நான் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர், 19 வருஷ அனுபவம். ஓடைக்கரை சார் சொன்ன கணக்கு சரி, ஆனால் அது எல்லோரையும் கலந்து போட்ட சராசரி. புதிதாகத் தொற்றியவர்களுக்கு ஆபத்து முதல் இரண்டு வருஷத்தில்தான் குவிந்து கிடக்கிறது. ஐந்து வயதுக்குக் கீழே இன்னும் அதிகம். மூளைக்காய்ச்சலாக மாறினால் பிள்ளை பிழைத்தாலும் பழையபடி இருக்காது. அதனால்தான் ஊரையே பிடித்து ஊசி போடுவதில்லை. நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர், ஹெச்.ஐ.வி. உள்ளவர், டயாலிசிஸில் இருப்பவர், கல்தூசியால் நுரையீரல் கெட்டவர், உறுப்பு மாற்றத்துக்குக் காத்திருப்பவர் என்று தேடிப் போகிறோம். 2021 வரைக்கும் நம் நாட்டில் நோயாளி வீட்டுச் சின்னக் குழந்தைகளுக்கும் ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் மட்டும்தான் இந்த மாத்திரை. அதன் பிறகுதான் வீட்டில் இருக்கும் பெரியவர்களையும் சேர்த்தார்கள்.

தறிச்சத்தம்:
நமக்கெல்லாம் பிறந்ததும் பிசிஜி என்ற டிபி தடுப்பூசி போட்டிருக்கே, அது காக்காதா?

தென்பெண்ணை:
குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகை வராமல் நன்றாகக் காக்கும் தம்பி. பெரியவர்களின் நுரையீரல் டிபிக்கு அப்படி இல்லை. நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கி பிசிஜி போட்டவர்களை 15 வருஷம் பார்த்துத் தெரிந்துகொண்டது அது.

தறிச்சத்தம்:
அப்போ அந்தக் கை ஊசியும் பிசிஜியால், தொற்று இல்லாதவருக்கும் இருப்பதாகத் தப்பாகக் காட்டுமே அக்கா?

தென்பெண்ணை:
மாண்டூ என்ற பழைய கை ஊசியில் அந்தச் சிக்கல் உண்டு. முன்கைத் தோலுக்குள் போடுவோம், சின்னக் கொப்புளம் எழும்பி அடங்கும். 48-லிருந்து 72 மணி நேரத்துக்குள் வரச் சொல்வோம். சிவப்பைப் பார்த்துப் பயந்து வருவார்கள்; சிவப்பு கணக்கே இல்லை. விரல் நுனியால் தடவித் தடிப்பின் ஓரம் எங்கே முடிகிறது என்று பேனாவால் கோடு போட்டு, கையின் குறுக்கே அளப்போம். 10 மில்லிமீட்டர் இருந்தால் தொற்று, ஹெச்.ஐ.வி. உள்ளவருக்கு 5 போதும். பிசிஜியால் குழம்பாத இரத்தப் பரிசோதனையும், சை-டிபி என்ற புதுத் தோல் ஊசியும் இப்போது இருக்கின்றன. உங்கள் ஊரில் எது போடுகிறார்கள் என்று கேளுங்கள்.

ஓடைக்கரை:
செவிலியரம்மா அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தொழிலாளர் எல்லோருக்கும் ஒன்பது மாதம் ஐசோனியாசிட் என்ற டிபி தடுப்பு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் முடிவு வந்தது: சுரங்கத்தில் டிபி குறையவில்லை. நிறுத்தியதும் மறுபடி வந்தது. நம் ஊரிலும் பஸ்ஸில், பட்டறையில் திரும்பத் தொற்றத்தானே செய்யும்? ஜார்க்கண்டில் நோயாளி வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு கொடுத்ததிலேயே புது நோய் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்தது என்று 2023-இல் வெளிவந்தது. அரிசி பருப்பை விட்டுவிட்டு மாத்திரைக்கு ஏன் அவசரம்? இன்னொன்று: சுகாதாரப் பணியாளர் வண்டி வாசலில் நின்றாலே கல்யாணப் பேச்சு நின்றுபோகும் ஊர் நம் ஊர்.

தென்பெண்ணை:
சுரங்கத்தில் எல்லோருக்கும் கொடுத்தார்கள். அங்கே கல்தூசியும் கூட்டமும் ஓயவில்லை. அங்கும் மாத்திரை சாப்பிட்ட மாதங்களில் பாதுகாப்பு இருந்தது. இந்த வீட்டில் தொற்றிய ஆள் யார் என்று தெரியும், அவர் மருந்தில் இருக்கிறார். சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்துகூட மறுக்கமாட்டேன். அரிசி பருப்பு கேட்டு நானே எத்தனை தடவை மேலே எழுதியிருக்கிறேன். அதற்காக நாலு வயசுப் பிள்ளையைக் காக்க வைக்க முடியாது சார். வண்டி விஷயம் உண்மை. நான் முக்கு ரோட்டில் வண்டியை விட்டுவிட்டு நடந்துதான் போகிறேன்.

ஓடைக்கரை:
பாப்பாவுக்குக் கொடுங்கள், அதில் நான் குறுக்கே நிற்கவில்லை. பெரியவர்களுக்கு ஈரல் பரிசோதனை, மாதாமாதம் கூப்பிட்டு விசாரிப்பது இரண்டும் இல்லாமல் மாத்திரை அட்டையை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவதை ஏற்கமாட்டேன்.

தென்பெண்ணை:
நானும் ஏற்கமாட்டேன். கரிசல்காடு, குடிப்பழக்கம், பழைய மஞ்சள் காமாலை, கர்ப்பம் எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாந்தி, கண் மஞ்சள், வயிற்று வலி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வரணும். வாரம் ஒருமுறை மருந்தில் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், அதற்குப் பயப்படாதீர்கள். ஆனால் அந்த மருந்து சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும், கருத்தடை மாத்திரையும் வேலை செய்யாது. இடையில் யாருக்காவது இருமலோ காய்ச்சலோ வந்தால் மறுபடி சளி பார்க்கணும். நோய் இருக்கும்போது இதைக் கொடுத்தால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும்.

கரிசல்காடு:
இதையெல்லாம் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். மூளைக்காய்ச்சல் என்ற இடத்தில் மறுபடி வாசிக்கச் சொன்னார். பாப்பாவுக்குச் சம்மதம். தனக்கு ஊசி போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறாராம். நாளைக்கு அம்மாவின் சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.