பீட்சா: ஓரம் வறட்டி, நடுவில் பச்சை மாவு. எங்கே தப்பு?

தஞ்சாவூர் மருமகள்:
மூன்று ஞாயிறாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன். கடைப் பீட்சா கட்டுப்படியாகவில்லை என்று பிள்ளைகளுக்கு வீட்டிலேயே மாவு பிசைந்து செய்கிறேன். ஓரம் காய்ந்து வறட்டியாகிறது, நடுவில் கத்தி வைத்தால் மாவு ஒட்டிக்கொண்டு வருகிறது. போன வாரம் மாமியார் ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடியில வேகவே இல்லையேம்மா" என்றார். சின்னவன் மேலே இருந்த சீஸை மட்டும் உரித்துத் தின்றான்.

மைதா 300 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், தண்ணீர் கைப்பதம். மேலே பச்சையாக அரைத்த தக்காளி, வெங்காயம், குடைமிளகாய், மொசரெல்லா சீஸ் 200 கிராம். 30 லிட்டர் ஓடிஜி (மின்சார அடுப்பு), அலுமினியத் தட்டு, 180 டிகிரி, 25 நிமிடம்.

கோவை தம்பி:
ஈஸ்ட் செத்திருக்கும் அக்கா. கொதிக்கிற தண்ணீர் ஊற்றினீர்களா?

தஞ்சாவூர் மருமகள்:
இல்லை தம்பி. ஒரு மணி நேரத்தில் மாவு பொங்கி மூடியைத் தள்ளுகிறது. இந்த வெயிலில் அதற்குக் குறையே இல்லை.

அடுப்படி ஆச்சி:
அப்படியானால் ஈஸ்ட் இல்லை. அந்த 300 கிராமும் ஒரே பீட்சாவா?

தஞ்சாவூர் மருமகள்:
ஆமாம் ஆச்சி. பத்து அங்குலத் தட்டில்.

அடுப்படி ஆச்சி:
அங்கேயே பாதி விஷயம் இருக்கிறது. அது இரண்டு பீட்சாவுக்கான மாவு. மீதிப் பாதி, சூடு. பீட்சாவுக்குப் பேர்போன இத்தாலியின் நேப்பிள்ஸில் விறகு அடுப்பு 430 டிகிரிக்கு மேல் போகும், ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். நம் ஓடிஜி 250 வரைதான். அதிலும் நீங்கள் 180 வைத்து, ஆறிய தட்டில் மாவைப் பரப்பி உள்ளே தள்ளினால் ஓரம் காய்கிற வரை அடிப்பக்கம் சூடேறாது. தோசை ஊற்றக் கல் காய வேண்டாமா? இதற்கும் அதே கணக்குதான்.

வீட்டில் கைப்பிடியில்லாத இரும்பு தோசைக்கல் இருந்தால் ஓடிஜிக்குள் நுழைகிறதா என்று அளந்து பாருங்கள். கீழ்த்தட்டில் வைத்து, மேலே, கீழே உள்ள சூட்டுக் கம்பி இரண்டையும் போட்டு, 250-இல் 40 நிமிடம் காயவிடுங்கள். நான்ஸ்டிக் வேண்டவே வேண்டாம், வெறுமனே அவ்வளவு சூடேறினால் பூச்சு கெடும்.

தண்ணீரை 190 மில்லி என்று அளந்து ஊற்றுங்கள். மாவு கையில் லேசாக ஒட்டத்தான் செய்யும், பயந்து மைதா சேர்க்காதீர்கள். தக்காளியைக் கரண்டியில் நிற்கிற அளவுக்குச் சுண்டவைத்து, ஒரு பீட்சாவுக்கு மூன்று டேபிள்ஸ்பூன், சீஸ் 80 கிராம். வெங்காயமும் குடைமிளகாயும் தண்ணீர் விடும், ஒரு வதக்கு வதக்கிப் போடுங்கள்.

கோவை தம்பி:
காய்ந்த கல்லுக்கு மாவை எப்படி மாற்றுவது ஆச்சி?

அடுப்படி ஆச்சி:
தாம்பாளத்தைக் கவிழ்த்து ரவை தூவி, அதன் மேல் பரப்பு தம்பி. ஆட்டினால் வழுக்க வேண்டும். ஒரே வெட்டு இழுப்பில் கல்லுக்குப் போய்விடும்.

தஞ்சாவூர் மருமகள்:
ஞாயிறு செய்தேன். முதலாவது நாசம். ரவையைக் கஞ்சத்தனமாகத் தூவினேன் போல, பாதி கல்லில், பாதி தாம்பாளத்தில், தக்காளி கீழ்க் கம்பியில் வழிந்து வீடெல்லாம் புகை. இரண்டாவதற்கு ரவையைத் தாராளமாகப் போட்டேன், சர்ரென்று போனது. ஒன்பது நிமிடம்! திருப்பிப் பார்த்தால் அடியில் தோசை மாதிரிச் செம்புள்ளிகள். நடுத்துண்டு தொங்காமல் நின்றது. சின்னவன் ஓரத்தையும் மிச்சம் வைக்கவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். கல் மாமியாருடையது. சீஸ் வழிந்து கருகிய இடத்தில் மறுநாள் தோசை பிய்ந்து பிய்ந்து வருகிறது. அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

அடுப்படி ஆச்சி:
கருகலைக் கல்லுப்பு போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, நல்லெண்ணெய் தடவிச் சிறு தீயில் புகை வரும்வரை காயவிடுங்கள். ஆறியதும் துடைத்து இன்னொரு முறை. தோசை ஊற்றும்முன் அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேயுங்கள். இரண்டு நாளில் பழகிவிடும். அடுத்த ஞாயிற்றுக்குள் உங்களுக்கென்று ஒரு கல் வாங்கிவிடுங்கள் அம்மா.