பூவுக்கு ‘கண்டிஷனிங்’: தமிழில் என்ன சொல்வது?

தோட்டக்காரி, ஸ்காபரோ (செவ்வாய்)

குழும உறவுகளுக்கு வணக்கம்.

அவசர உதவி ஒன்று. இங்கே ரொறன்ரோவில் மூத்தவர்களுக்குச் சனிக்கிழமைகளில் தோட்ட வகுப்பு எடுக்கிறேன். 14 பேர். கோடை முழுக்கக் கத்தரியும் பாவலும் வளர்த்தவர்கள், ஒக்டோபர் பிறந்ததும் பந்தலைப் பிரித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். வேலியோரத்தில் டாலியா இன்னும் பூக்கிறது. செவ்வந்தி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஊதா ஆஸ்டர் பற்றையாக நிற்கிறது. முதல் உறைபனி விழுந்தால் டாலியா ஒரே இரவில் கறுத்துவிடும். அதற்குள் வளவில் இருக்கிற பூவையும் இலையையும் வெட்டிச் சாடியில் வைக்கப் பழக்கலாம் என்று நினைத்தேன். ஒரு பக்கத்துக்குத் துண்டுப்பிரசுரம் எழுதுகிறேன். வெள்ளி மத்தியானத்துக்குள் அச்சுக்குப் போகவேண்டும்.

மூன்று இடத்தில் சொல் கிடைக்கவில்லை. ‘ஃபோலியேஜ்’ என்பதற்கு என்ன? பூவும் இலையும் சேர்த்துச் சாடியில் அமைப்பதற்கு, தலைப்பாகப் போட, ஒரு சொல் வேண்டும். மூன்றாவதுதான் தலையிடி: ‘கண்டிஷனிங்’. காலையில் வெயில் ஏறமுன் பூவை வெட்டி, தண்ணீருக்குள் நிற்கப்போகும் இலைகளை உருவி, தண்டின் அடியை இன்னொருமுறை சரிவாக வெட்டி, வாளியில் கழுத்தளவு தண்ணீரில் விட்டு, குளிர்ந்த இருட்டறையில் இரவு முழுக்க வைப்பது. இவ்வளவும் சேர்ந்து ஒரு சொல். இதைச் செய்யாமல் நேரே சாடியில் வைத்தால் பின்னேரமே டாலியா தலையைத் தொங்கப்போட்டுவிடும்.

மொழிபெயர்ப்புக் கூலி, சென்னை (செவ்வாய்)

பதப்படுத்துதல். ஏர் கண்டிஷனிங்குக்குக் குளிர்பதனம் என்று ஏற்கெனவே இருக்கிறது, அதே பதம்தான். ஃபோலியேஜ் என்றால் தழை. தலைப்பு ‘மலர் அலங்காரம்’. முடிந்தது. பக்கக் கணக்கில் கூலி வாங்குகிறவன் நான், ஒரு சொல்லுக்கு மூன்று நாள் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது.

செடிகொடி, ஓசூர் (செவ்வாய்)

பதப்படுத்துதல் வேண்டவே வேண்டாம். தோலைப் பதப்படுத்துவார்கள், மீனைப் பதப்படுத்துவார்கள். அழிந்துபோவதை உயிரில்லாமல் நிறுத்திவைப்பது அது. அம்மா கேட்பது உயிரை நீட்டிப்பது.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் சொல் தானாக வரும். வெட்டியதும் தண்டின் நீர்க்குழாய்களுக்குள் காற்று புகுந்துகொள்ளும், தண்ணீர் ஏற வழி இருக்காது. அதனால்தான் அடியை மறுபடி வெட்டுகிறோம். இருட்டில் வைத்தால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், செலவு குறையும், வரவு கூடும். நீருக்குள் இலையை விட்டால் அது அழுகி, பாக்டீரியா பெருகி, அதே குழாயை அடைக்கும். ஆக மொத்தம் விஷயம் தண்ணீர் ஏறுவது. என் ஓட்டு நீரேற்றம்.

இன்னொன்று. சந்தைக்குப் போகிற நீளத்தண்டுப் பூவுக்குக் கொய்மலர் என்ற பெயர் இங்கே வேளாண் ஏடுகளில் நிலைத்துவிட்டது. கட்டுவதற்குக் கிலோக் கணக்கில் போவது உதிரிப்பூ. இரண்டையும் குழப்பவேண்டாம்.

வேர்ச்சொல் பித்தன், தஞ்சாவூர் (புதன்)

நீரேற்றம் என்றதும் எனக்கு நினைவு வருவது மோட்டார் ரூம். விவசாயக் கூட்டத்தில் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், எத்தனை குதிரைத்திறன் என்பார்கள்.

நம்மிடம் தேவையான சொல் கோயிலில் இருக்கிறது: விடாயாற்றி. பத்து நாள் திருவிழாவில் வீதி வீதியாக அலைந்த சாமி, கொடி இறங்கிய பிறகு சில நாள் ஓய்ந்திருக்கும். அப்போது ஊர்வலம் கிடையாது, பாட்டும் நாகசுரமும்தான். மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழா முடிந்து நடப்பதை எல்லோரும் அறிவீர்கள். ‘விடையாற்றி’ என்று எழுதிவிட்டு, விடை என்றால் காளை, சிவனின் ஊர்தி, அதற்கு ஓய்வு என்று கதை கட்டுகிறார்கள். அது பெருமாள் கோயிலிலும் உண்டே, அங்கே ஏது காளை? விடாய் என்றால் களைப்பு, தாகம். இரண்டும் ஒரே சொல்லில். செடியிலிருந்து பிரிந்த பூவுக்கு இருப்பதும் களைப்பும் தாகமும்தான். தண்ணீரும் இருட்டும் கொடுத்து அதை ஆற்றுகிறோம். ஆங்கிலக்காரனுக்கே இவ்வளவு பொருத்தமான சொல் இல்லை.

தலைப்புக்கு படலை. பூவும் பச்சிலையும் கலந்து தொடுத்தது படலை. பெரும்பாணாற்றுப்படையில் இடையன் ‘பல்பூ மிடைந்த படலைக் கண்ணி’ சூடி வருகிறான். வெறும் பூ மட்டும் என்றால் மாலை, கோதை, தொடையல் என்று எவ்வளவோ உண்டு. இலைக்கும் சம மரியாதை கொடுத்த சொல் இது. ‘இலையுதிர்காலம்’ என்பதையும் எடுத்துவிட்டுக் கூதிர் போடுங்கள்.

மொழிபெயர்ப்புக் கூலி, சென்னை (புதன்)

ஐயா, ‘மாதவிடாய்’ என்ற ஒன்றைத் தவிர இன்றைக்கு எவர் வாயிலும் விடாய் இல்லை. துண்டுப்பிரசுரத்தில் “பூக்களுக்கு விடாயாற்றி” என்று பார்த்தால் படிப்பவர் என்ன நினைப்பார்?

தோட்டக்காரி, ஸ்காபரோ (புதன்)

எல்லாருக்கும் நன்றி. படலை பற்றி வாசித்துவிட்டு நான் தனியே இருந்து சிரித்தேன். பித்தன் ஐயா, எங்களுக்குப் படலை என்றால் வளவு வாசற்கதவு. “படலையைச் சாத்திப்போட்டு வா, ஆடு வந்திடும்.” நான் ‘இலையுதிர்காலப் படலை’ என்று தலைப்புப் போட்டால் 14 பேரும் சுத்தியலும் ஆணியும் கொண்டு வருவார்கள்.

கூதிரும் சரிவராது. ஐப்பசி, கார்த்திகை, மழையும் வாடைக்காற்றும். இங்கே செப்ரெம்பர் கடைசியில் மேப்பிள் சிவக்கத் தொடங்கும்போது வானம் நீலமாக வெயில் எறிக்கும். பருவத்தின் பெயரே இலை விழுவதில்தான் இருக்கிறது, அதைவிட்டு ஏன் விலகவேண்டும்?

தழை எங்கள் ஆட்களுக்கு விளங்கும். ஆனால் வாயில் வருவது குழை. ஆட்டுக்குக் குழை, பூவரசங்குழை.

மொழிபெயர்ப்புக் கூலி, சென்னை (புதன்)

குழைந்துபோன சாதம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. வாடாமல் வைக்கிற வித்தை சொல்லிக்கொடுக்கிற இடத்தில் குழையா?

பழைய வாத்தியார், மதுரை (வியாழன்)

தங்கை சொல்வதற்குத் தொல்காப்பியமே சாட்சி. மரபியலில் மரத்தின் உறுப்புகளை அடுக்கும்போது ‘சினையே குழையே பூவே அரும்பே’ என்று வருகிறது. கிளைக்கும் பூவுக்கும் நடுவே நிற்பது குழை. சாடியிலும் அதற்கு அதே இடம்தான். சாதம் குழைவதைக் கூலித் தம்பி வீட்டில் சொல்லிக்கொள்ளட்டும். எங்கள் பக்கத்தில் மாரியம்மனுக்கு இன்றும் வேப்பங்குழைதான்.

கொய்மலர் என்று ஓசூர்க்காரர் சொன்னதும் குறிஞ்சிப்பாட்டு நினைவுக்கு வந்தது. கபிலர் 99 பூக்களின் பெயரை வரிசையாகச் சொல்கிறார் என்பது பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பூவை எல்லாம் பறித்து என்ன செய்தார்கள் என்று எத்தனை பேர் படித்தோம்? மழை கழுவிவிட்ட அகன்ற பாறைமேல் குவிக்கிறார்கள். பாறைதான் அவர்களுக்குச் சாடி. அடுத்துச் சில அடிகளில் ‘கொய்தழை தைஇ’ என்று வருகிறது, கொய்த தழையைத் தைத்து உடுத்துகிறார்கள். கொய்மலருக்குச் சோடியாகக் கொய்தழை ஈராயிரம் ஆண்டாகக் காத்திருக்கிறது. யாராவது எடுத்து ஆளுங்கள்.

லண்டன்வாசி (வியாழன்)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இலைக்கு மரியாதை என்றதும் சொல்லத் தோன்றியது. இங்கே கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை என்றொரு அம்மையார் இருந்தார், 1886இல் பிறந்தவர். கடையில் வாங்கிய ரோஜா, கார்னேஷன் மட்டுமே பூவாக மதிக்கப்பட்ட காலத்தில் பரட்டைக்கீரை, வேலிப்புதர்ச் செடி, காய், கனி எல்லாவற்றையும் சாடியில் நிறுத்தி ஊரையே வாய்பிளக்க வைத்தார். 1953இல் அரசியின் முடிசூட்டுக்கும் அவர்தான் பூ வைத்தார். தண்டு நிற்பதற்குக் கோழிவலையைச் சுருட்டிச் சாடிக்குள் போடுவார்கள். பிறகு பச்சை நுரைக்கட்டி வந்தது. அது மக்காத பிளாஸ்டிக் என்பதால் இப்போது இங்குள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தின் கண்காட்சிகளில் 2021 முதல் அனுமதி இல்லை. மறுபடி கோழிவலை. ஜப்பானியரின் முள்தகடும் திரும்பி வந்துவிட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கென்ஸான், பொருள் வாள்மலை. அதற்கும் தமிழ் வேண்டும்.

பழைய வாத்தியார், மதுரை (வியாழன்)

வாள்மலையா! பீஷ்மர் அம்புப்படுக்கை என்று வைக்கலாமே.

தோட்டக்காரி, ஸ்காபரோ (வியாழன்)

ஐயாமாரே, நாளை மத்தியானம் அச்சகம். எங்களிடம் இருப்பது கோழிவலை, அதற்குப் பெயர் இருக்கிறது. எனக்கு வேறு சந்தேகம். செடிகொடி ஐயா, போன வருடம் நன்றாகச் சிவந்த மேப்பிள் கொப்பு ஒன்றை வெட்டி வைத்தேன். காலையில் எழும்பிப் பார்த்தால் சாடியில் தடி மட்டும் நிற்கிறது, மேசை முழுக்க இலை. வெட்டுவதிலா பிழை, தண்ணீரிலா?

செடிகொடி, ஓசூர் (வியாழன்)

இரண்டிலும் இல்லை. முற்றும் சிவந்த இலையின் காம்படியில் பிரியும் அடுக்கு உருவாகி முடிந்திருக்கும். மரத்தில் இருந்தாலும் விழும், சாடியில் இருந்தாலும் விழும். நிறம் மாறத் தொடங்கும்போதே வெட்டுங்கள். இல்லையென்றால் ஓக், பீச் மாதிரி காய்ந்தும் கிளையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மரமாகப் பாருங்கள். இலை பச்சையாக இருக்கும்போதே வெட்டிய பீச் கொப்பை ஒரு பங்கு கிளிசரின், இரண்டு பங்கு சுடுநீரில் நிறுத்திவைத்தால் செப்பு நிறத்தில் மாதக்கணக்கில் இருக்கும். அதற்கு வேண்டுமானால் பதப்படுத்தல் என்ற சொல்லைக் கூலி அண்ணன் பயன்படுத்தட்டும், அங்கே அது பொருந்தும். டாலியாவை முக்கால்வாசி விரிந்த பிறகு வெட்டுங்கள், மொட்டாக வெட்டினால் சாடியில் விரியாது. பக்கத்தில் ஆப்பிள் தட்டு வைக்கவேண்டாம், பழத்திலிருந்து வரும் எத்திலீன் பூவைச் சீக்கிரம் கிழடாக்கிவிடும்.

நீரேற்றத்துக்கு இன்னொருவராவது கை தூக்குவீர்களா?

வேர்ச்சொல் பித்தன், தஞ்சாவூர் (வியாழன்)

கை தூக்குவதெல்லாம் பஞ்சாயத்துத் தேர்தலுக்கு. சொல்லுக்கு வேர்தான் வேண்டும். விடாயாற்றியை விட மாட்டேன். கூலி சொல்லும் அதே மாதவிடாயைப் பாருங்கள், அதிலேயே மாதத்துக்கொரு களைப்பு, ஓய்வு என்ற பொருள் இருக்கிறது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ‘ஆற்று’ என்ற வினை எவ்வளவு ஆழம் பாருங்கள். பாலை ஆற்றுகிறோம், புண்ணை ஆற்றுகிறோம், பசியை ஆற்றுகிறோம். ஆறு என்றால் வழி, அதிலிருந்து ஆற்றுப்படை…

மொழிபெயர்ப்புக் கூலி, சென்னை (வியாழன்)

ஈழத்தில் ஆற்றுப்படுத்தல் என்றால் மனநல ஆலோசனை. செவ்வந்தியைச் சோபாவில் படுக்கவைத்து “உனக்கு என்ன கவலை” என்று கேட்கவேண்டியதுதான்.

தோட்டக்காரி, ஸ்காபரோ (வெள்ளி, விடிய)

அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். யாரும் கோபிக்கவேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

படலைக் கதையை நேற்று இரவு மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அவ சிரித்துவிட்டு, தங்கள் ஊர்ச் சங்கடப்படலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினா. வாசற்கதவுக்கு மேலே ஓலையால் ஒரு கூரை, இரண்டு பக்கமும் திண்ணை, ஒரு மூலையில் தண்ணீர்ப்பானை. ஊர்பேர் தெரியாத வழிப்போக்கரும் வெயிலுக்கு ஒதுங்கித் தண்ணீர் குடித்து இளைப்பாறிப் போகலாம். கதையை அப்படியே விட்டுவிட்டு நான் குசினி மூலையில் இருந்த வாளியைப் பார்த்தேன். மூன்று டாலியா, இரண்டு ஆஸ்டர் கொப்பு, வேலி ரோசாவின் சிவப்புக் காய்க்கொத்து ஒன்று. இருட்டு, தண்ணீர், ஒதுக்கிடம். “மாமி, இதுகள் என்ன செய்யுதுகள்?” என்று கேட்டேன். “இளைப்பாறுதுகள்,” என்றா, யோசிக்கவே இல்லை.

எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்றவரை இளைப்பாறிய ஆசிரியர், இளைப்பாறிய தபாலதிபர் என்றுதான் சொல்வோம். வகுப்பில் 14 பேரும் இளைப்பாறியவர்கள். சனிக்கிழமை நல்ல பகிடியாக இருக்கும்.

ஆகவே அச்சில் போனது: தலைப்பு “இலையுதிர்காலத்தில் பூவும் குழையும் சாடியில்”. உள்ளே “இளைப்பாறல்: ஓர் இரவு”. கொய்தழையை வாத்தியார் ஐயாவுக்காக ஒரு வரியில் சேர்த்திருக்கிறேன்.

செடிகொடி, ஓசூர் (வெள்ளி)

அறிவியல் குறைவு, ஆனால் மறக்காது. சரி.

மொழிபெயர்ப்புக் கூலி, சென்னை (வெள்ளி)

பெரும்பான்மை களைத்துவிட்டது, நானும் சரி. அடுத்த வேலையில் இந்தச் சொல் வந்தால் நான் பதப்படுத்தல் என்றுதான் போடுவேன், தணிக்கையில் அதுதான் தப்பும்.

வேர்ச்சொல் பித்தன், தஞ்சாவூர் (வெள்ளி)

இளைப்பு என்றால் களைப்பு. விடாய் என்றாலும் களைப்பு. மூன்று நாளாக நான் சொன்னதையே மாமி ஒரு நொடியில் சொல்லியிருக்கிறார், அவருக்கு என் வணக்கம். ஆனால் ஒரு பிழை. ஆறுதல் தன்வினை, பூ தானாகச் செய்வது. வாளியில் விட்டு இலை உருவி இருட்டில் வைப்பது நீங்கள். அது பிறவினை. ‘இளைப்பாற்றல்’ என்று ஒரு றகர ஒற்று சேரவேண்டும். அச்சகத்துக்கு உடனே தொலைபேசுங்கள்.

தோட்டக்காரி, ஸ்காபரோ (வெள்ளி)

ஐயா, 30 பிரதியும் கையில் வந்துவிட்டது. வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் பேனாவால் புள்ளி வைத்த ற் ஒன்று போடுகிறேன்.

வேர்ச்சொல் பித்தன், தஞ்சாவூர் (வெள்ளி)

போடுங்கள்.