அயோவா மேட்டு நிலம்: கருப்பு மண்ணு, ஆனா மேப்ல "நல்லா வடியும்"னு போட்டிருக்கு, எப்படி?

கரிசக்காட்டுப்பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். போன வருசம் அமெரிக்கால அயோவா மாநிலத்துல கிரின்னெல் பக்கத்துல வீட்டோட சேத்து 3 ஏக்கர் வாங்குனோம், இதுவரைக்கும் மக்காச்சோளமும் சோயாவும் மாத்தி மாத்தி போட்ட நிலம். அதுல ஒரு ஏக்கர பழையபடி பிரெய்ரி (இந்தப் பக்கத்து இயற்கைப் புல்வெளி) புல்லுக்கே விட்டுரணும்னு எனக்கு ரொம்ப ஆசை, மீதில காய்கறி. வெப் சாயில் சர்வேங்கிற அமெரிக்க அரசு மண் மேப்ல பாத்தா மேட்டுல 120பி, சரிவுல 120சி2-ன்னு மண் குறியீடு இருக்கு, ரெண்டுமே டேமாங்கிற மண்ணாம், "நல்லா வடியும்"னு போட்டிருக்கு. எனக்கு இங்கதான் குழப்பம். நான் கோவில்பட்டிக்காரன், எங்க தாத்தா கரிசக்காட்டுல மழை பேஞ்சா ரெண்டு நாளைக்கு உள்ள கால் வைக்க முடியாது, செருப்போட அப்பிக்கும், கோடையில பாளம் பாளமா வெடிச்சு கை உள்ள போற அளவுக்கு பிளந்து கெடக்கும். கருப்பு மண்ணுன்னா தண்ணி நிக்கும்னு பாத்தே வளந்தவன். இந்த மண்ணும் ஈரத்துல அப்படித்தான் கருப்பா இருக்கு. மேப்ப நம்பலாமா? விதை வாங்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும், விவரம் தெரிஞ்ச அண்ணன் அக்கா யாராச்சும் சொல்லுங்க.

தோட்டக்காரன்77:
கருப்பு மண்ணுன்னா களி ஜாஸ்தி ப்ரோ, நாலஞ்சு லோடு மணல் அடிச்சு கலந்து விடுங்க, சரியாயிரும்.

மண்வெட்டி:
மணல் வேண்டாம், தயவுசெஞ்சு அத மட்டும் செஞ்சிராதீங்க. நான் மண் சர்வே வேலைல ரொம்ப வருசம் குழி தோண்டுனவன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன் தம்பி.

உங்க தாத்தா காட்டு மண்ணும் இதுவும் நெறத்துல மட்டும்தான் சொந்தம். கரிசல்ல கருப்புக்கும் மக்குக்கும் (மக்கிப்போன செடி, வேரு) பெரிய சம்பந்தம் இல்ல, அதுல அங்கக கார்பன் பல இடத்துல அரை சதவீதம்கூட தேறாது, ஆனா ஊதிச் சுருங்குற களி நெறைய இருக்கு, அதான் மழைல அப்புது, வெயில்ல வெடிக்குது. டேமா மண்ணு லோயஸ்லேர்ந்து வந்தது, அதாவது கடைசி பனியுகத்துல ஆத்துப் படுகைலேர்ந்து காத்து அள்ளிட்டு வந்து மேட்டுல கொட்டுன மாவு மாதிரி சில்ட் (நுண்வண்டல்), மணல் ரொம்பக் கம்மி, கல்லே கெடையாது. அதுக்கு மேல ஆயிரக்கணக்கான வருசம் ஆளுயரப் புல்லு நின்னுச்சு. புல்லோட பாதிக்கு மேல மண்ணுக்கு கீழதான் இருக்கு, பிக் புளூஸ்டெம்ங்கிற பிரெய்ரி புல்லோட வேரு 6 அடிக்கு மேலயே எறங்கும். வருசா வருசம் ஒரு பங்கு வேரு அங்கேயே செத்து அங்கேயே மக்கும், குளிர்காலத்துல மண்ணு உறைஞ்சு கெடக்குறதால மக்கும் மெதுவாத்தான் கரையும். அப்படி வந்த கருப்பு இது. மக்கு சேந்ததால மண்ணு பொலபொலன்னு மணி மணியா இருக்கும், கைல எடுத்து அமுக்கிப் பாருங்க, கரிசல் மாதிரி பிசுபிசுன்னு இழுக்காது.

இப்ப வடிகால் கதைக்கு வரேன். மேல் கருப்ப வச்சு வடிகால சொல்லவே முடியாது, கருப்புக்கு கீழ என்ன நெறம்னு பாக்கணும். அடிமண்ணுல தண்ணி மாசக்கணக்குல நின்னா காத்து போகாது, இரும்பு கரைஞ்சு எடம் மாறும், மண்ணு சாம்பலாயிரும், நடுநடுவுல துருப் புள்ளி விழும். தண்ணி எறங்கிப் போற எடத்துல இரும்பு துருப்பிடிச்ச மாதிரியே நிக்கும், ஒரே சீரா பழுப்பு. ஏறக்குறைய 40 இஞ்சு ஆழம் வரைக்கும் சாம்பல் இல்லாம பழுப்பா இருந்தா நாங்க "நல்லா வடியும்"னு எழுதுவோம். நீங்க போற அன்னைக்கு குழியில தண்ணி இல்லாட்டியும் போன நூறு வருசம் எப்படி இருந்துச்சுன்னு அந்த நெறம் சொல்லிரும், அதான் எனக்கு இந்த வேலைல ரொம்பப் பிடிச்ச விசயம்.

இன்னொன்னு, நல்லா வடியும்னா காஞ்சு போகும்னு அர்த்தம் இல்ல. டேமா மண்ணு 5 அடி ஆழத்துக்குள்ள ஏறக்குறைய 11 இஞ்சு தண்ணிய செடி எடுத்துக்குற மாதிரி பிடிச்சு வச்சிருக்கும். கூடுதல் தண்ணி மட்டும் எறங்கிப் போகும். மேட்டுல 119 மஸ்கடின், பள்ளத்துல 118 கார்வின்னு மேப்ல பக்கத்துல பாத்தீங்கன்னா எல்லாம் அதே லோயஸ்தான், தண்ணி நிக்கிற அளவுதான் வேற. எங்க மேடு தட்டையா அகலமா இருக்கோ அங்க மஸ்கடின் வரும், சரிவு இருந்தா டேமா.

இலினாய்ஸ்_அக்கா:
அண்ணன் சொன்னதுக்கு நேர் எதிர் உதாரணம் நாங்க. ஷாம்பேன் பக்கம் டிரம்மர்னு ஒரு மண்ணு, இலினாய்ஸோட மாநில மண்ணே அதான், 2001ல அறிவிச்சாங்க. அதுவும் பிரெய்ரிதான், டேமாவ விட கருப்பு இன்னும் அடர்த்தி, ஆனா தாழ்ந்த தட்டை நிலம், கருப்பத் தாண்டினா சாம்பல். வயலுக்கடில டைல் பைப்பு போட்டு தண்ணிய வெளிய எடுக்கலன்னா அங்க விவசாயமே கெடையாது, எங்க வீட்டு பேஸ்மென்ட்ல வசந்த காலம் பூரா தேங்குற தண்ணிய வெளிய தள்ளுற சம்ப் பம்பு ஓடிட்டே இருக்கும். அதனால "கருப்பு பிரெய்ரி மண்ணு"ன்னு ஒரே பேர்ல விதை மிக்ஸ் வித்தா வாங்காதீங்க தம்பி. எனக்கு கார்டுகிராஸும் சதுப்பு மில்க்வீடும் வரும், உங்க மேட்டுக்கு லிட்டில் புளூஸ்டெம், சைடோட்ஸ் கிராமா, லெட்பிளான்ட், காம்பஸ் பிளான்ட் இதெல்லாம் பாருங்க.

மண்வெட்டி:
அக்கா சொல்றது ரொம்ப சரி. தம்பி, 120சி2-ல அந்த 2 கவனிச்சீங்களா? சி-ன்னா 5லேர்ந்து 9 சதவீத சரிவு, 2-ன்னா மேல்மண்ணு அரிச்சுப் போயிருக்குன்னு அர்த்தம். ஒரு காலத்துல ஒன்றரை அடி வரைக்கும் இருந்த கருப்பு இப்ப 3லேர்ந்து 7 இஞ்சுதான் மிஞ்சியிருக்கும், அதுலயும் கலப்பை அடிமண்ண மேல கொண்டாந்து கலந்திருக்கும். 2021ல வந்த ஒரு ஆய்வு, அமெரிக்காவோட மக்காச்சோளப் பட்டைல (கார்ன் பெல்ட்னு சொல்ற மக்காச்சோளப் பகுதி) சாகுபடி பண்ற நிலத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல்மண்ணே போயிருச்சுன்னு கணக்கு சொல்லுச்சு, அதுவும் குன்று உச்சியிலதான் அதிகம். எனக்கு இது படிக்கிறப்பல்லாம் மனசு கனக்கும், புல்லு கட்டி வச்சத 150 வருசத்துல நாம கரைச்சு விட்டிருக்கோம்.

நீங்க ரெண்டு எடத்துல துளைச்சுப் பாருங்க, மேட்டுல ஒண்ணு, சரிவுல ஒண்ணு. கை ஆகர் (கையால திருகி மண்ணத் துளைக்கிற கருவி) இருந்தா போதும், துளைக்கிறதுக்கு முன்னாடி 811-க்கு போன் பண்ணி கேஸ், கரண்ட் லைன் எங்க போகுதுன்னு கேட்டுக்கங்க. மண்ண ஈரமா வச்சு நெறம் பாக்கணும், காஞ்சா வெளுத்துத் தெரியும். வினிகர் ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க, மேல பொங்காது, ஏன்னா மழை சுண்ணாம்ப கீழ எறக்கிருச்சு, அதனால லேசா புளிப்பா இருக்கும். உங்க ஊர்ல கரிசல்ல சுக்கான் கல்லே கெடக்கும், இங்க அப்படி இல்ல.

கரிசக்காட்டுப்பிள்ளை:
அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. சனிக்கிழமை துளைச்சுப் பாத்துட்டேன். மேட்டுல கருப்பு 14 இஞ்சு, அப்புறம் மெதுவா பழுப்பாகுது, 42 இஞ்சு வரைக்கும் போனேன் சாம்பலே இல்ல, 20 இஞ்சு தாண்டினதும் கொஞ்சம் களி கூடுது, கட்டிய ஒடைச்சா பக்கத்துல லேசா பளபளன்னு இருந்துச்சு. சரிவுல கருப்பு 6 இஞ்சுதான், அதுவும் சுத்தமா இல்ல. வினிகர் எங்கயும் பொங்கல. அந்த பளபளப்பு என்ன அண்ணா? புல்ல எங்க போடறது, காய்கறிய எங்க வைக்கிறது?

மண்வெட்டி:
அந்த பளபளப்பு மேலேர்ந்து தண்ணியோட எறங்கி வந்து கட்டி மேல படிஞ்ச களி, டேமாவுக்கு அது அடையாளம், அருமையா பாத்திருக்கீங்க. காய்கறி மேட்டுல, புல்லு சரிவுல. சரிவ இனிமே உழவே உழாதீங்க. சோயா அறுத்த தாள் மேலயே நவம்பர்ல விதைய தூவி விடுங்க, குளிர்ல மண்ணு உறைஞ்சு எளகுறப்ப விதை தானா உள்ள போயிரும். மொத வருசம் களை உயரமா வரும், அத 6 இஞ்சுல வெட்டிட்டே இருங்க, புல்லு அப்ப கீழ வேர் விட்டுட்டு இருக்கும், மேல ஒண்ணும் தெரியாது. மூணாவது வருசம் ஒரு போட்டோ போடுங்க தம்பி.